ஏழாவது கட்டுச்சோறு

கொஞ்சம் தள்ளி உக்காரு தாயி. இந்தப் பையைக் கீழ வெக்க முடியாது, உள்ள பாத்திரம் இருக்கு, யாராச்சும் மிதிச்சா நசுங்கிரும். மடியிலயே வெச்சுக்கிறேன். எங்க, மதுரைக்கா? மேலூரா? சரி, அப்ப அதுவரைக்கும் பேச்சுத் துணையாச்சு. நான் அருப்புக்கோட்டை. மாட்டுத்தாவணியில எறங்கி வேற வண்டி பிடிக்கணும். தனியாவா வந்தீகன்னு கேக்காத. சொந்தபந்தத்தையெல்லாம் வேன்ல ஏத்திக்கிட்டு விடியங்காட்டி திருச்சிக்குக் கெளம்பி வந்தவ நான். போறப்ப மட்டும் பஸ்ஸு. அந்த வேன்ல பன்னெண்டு வாய் இருக்கு. பன்னெண்டும் ஊரு போற வரைக்கும் ஒரே பேச்சத்தான் பேசும். "ஏன் மதினி இப்படியாச்சு, ஏன் சித்தி இப்படிப் பண்ணிட்டா"ன்னு. அதுக்கு இந்த பஸ்ஸு தேவலை.

இன்னைக்கு எம் மகளுக்கு வளைகாப்பு. ஒரே மக. நாகஜோதின்னு பேரு, ஜோதின்னு கூப்பிடுவோம். ஒம்பதாம் மாசம் நடக்குது. எங்க பக்கத்து வழக்கம் ஒனக்குத் தெரியுமோ என்னவோ, பெத்தவ ஏழு வகைக் கட்டுச்சோறு ஆக்கி எடுத்துக்கிட்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போகணும். வளையல் போடணும். சோத்தப் பிள்ளைக்கு ஊட்டிவிட்டு, வந்தவுகளுக்கெல்லாம் பரிமாறிட்டு, கையோட பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வந்துரணும். தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான். எந்த ஊரு மகாராணியா இருந்தாலும் அதுதான் மொறை. நான் போனேன். வளையல் போட்டேன். சோறு போட்டேன். வெறுங்கையோட வந்துக்கிட்டு இருக்கேன் பாரு.

எல்லாம் அந்த பீட்சாவால வந்தது.

சிரிக்காத. மத்தவுகளுக்கு மாமியா நாத்தனா, சொத்து சொகம், இப்படி ஏதாச்சும் ஒண்ணால குடும்பம் பிரியும். எனக்கு ஒரு ரொட்டியால பிரிஞ்சிருக்கு. கடையில வாங்குன பீட்சாகூட இல்ல தாயி. வீட்டுலயே மாவு பெசைஞ்சு, காய் நறுக்கிப் போட்டுச் சுட்டது.

மூணாம் மாசம் அவளைப் பாக்கப் போனேன். மசக்கை. பச்சத் தண்ணி குடிச்சாலும் வாந்தி. நான் நார்த்தங்கா ஊறுகா, புளியோதரை, சுண்டைக்கா வத்தல்னு ஒரு மூட்டை கட்டிக்கிட்டுப் போறேன். போயிப் பாத்தா, ஞாயித்துக்கெழமை சாயங்காலம், எம் மக அடுப்படியில முக்காலியப் போட்டு உக்காந்து குடைமொளகா நறுக்கிக்கிட்டு இருக்கா. பக்கத்துல சம்பந்தியம்மா மாவு பெசையுது. ரெத்தினமாலான்னு பேரு. டெலிபோன் ஆபீஸ்ல வேலை பாத்து ரிட்டயர் ஆன பொம்பள. புருசன் இல்ல. ரெண்டு பேரும் என்னத்தையோ சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாக. நான் வந்து நிக்கிறதுகூடத் தெரியல.

எங்க வீட்டுல அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல தாயி. ஆனா நான் என்னைக்காச்சும் அவளை அடுப்படியில விட்டிருக்கேனா? புகை பட்டா மூஞ்சி இன்னும் கறுத்துப் போகும்னு அங்கிட்டே விடமாட்டேன். அப்படி வளத்த பிள்ளையை மூணு மாசத்துல மொளகா நறுக்க விட்டிருக்காக.

"என்ன மதினி இது, மசக்கைக்காரி மைதா திங்கலாமா?"ன்னேன்.

"பாதி கோதுமை மாவுதான் மதினி. இது ஒண்ணுதான் அவ வயித்துல தங்குது"ன்னு அந்தம்மா சொல்லுச்சு. "நீங்களும் உக்காருங்க, சேந்து அடுக்கலாம்."

உக்காந்தேன். அது செய்யிறத ஒரு கண்ணால பாத்துக்கிட்டேதான் இருந்தேன். வெதுவெதுன்னு தண்ணி, அதுல சீனி, ஈஸ்ட்னு ஒரு பொடி. அஞ்சு நிமிசத்துல நொரைச்சுக்கிட்டு வருது. அத மாவுல ஊத்தி, எண்ணெய் விட்டு, மேடையில போட்டு அடிச்சு இழுத்துப் பெசைஞ்சு, ஈரத்துணி போட்டு மூடிருது. ரெண்டு மணி நேரத்துல கர்ப்பிணி வயிறு மாதிரி உப்பி நிக்கிது. தக்காளியும் பூண்டும் வதக்கி ஒரு தொக்கு. மாவ வட்டமாத் தட்டி, தொக்கத் தடவி, மேல வெங்காயம், குடைமொளகா, காளான், மக்காச்சோளம், அதுக்கு மேல துருவுன சீஸு. ஓவன் பெட்டியில வெச்சா வாசன தெருமுனை வரைக்கும் போகுது. நான் இல்லைன்னு சொல்லல.

ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. ஒவ்வொரு காயப் போடுறதுக்கு முன்னாலயும் அந்தம்மா எம் மகளைக் கேக்குது. "ஜோதி, காளான் போடட்டுமா? வெங்காயம் குமட்டுமா? சோளம் இன்னும் கொஞ்சம் போடவா?" இப்படியே கேட்டுக்கிட்டு இருக்குது. எனக்குச் சிரிப்பா வந்துச்சு. பெத்தவளுக்குத் தெரியாதா பிள்ளைக்கு என்ன வேணும்னு? நான் ஒரு நாளாச்சும் அவளைக் கேட்டிருப்பேனா? கேட்டுக் கேட்டுப் போடுறவளுக்கு ஒண்ணும் தெரியலைன்னுதானே அர்த்தம்? இத எம் மககிட்டயே தனியாக் கூப்பிட்டுச் சொன்னேன். அவ எந்திரிச்சுப் போயி அந்தம்மா பக்கத்துல உக்காந்துக்கிட்டா.

பீட்சா வந்துச்சு. மூணு துண்டு தின்னா. மூணாவது துண்டை எடுக்கையில, "போதும்டி, பிள்ளை பெருத்தா ஆபரேசன்தான்"ன்னேன். நல்லதுக்குத்தானே சொல்லுவேன்? அந்தத் துண்டைத் தட்டுல வெச்சுட்டு உள்ள போயி வாந்தி எடுத்தா. பாத்தியா, மைதா ஒத்துக்கல. நான் சொன்னது சரியாப் போச்சு.

நீ என்ன தாயி, அந்த பிஸ்கட்டப் பிரிச்சு வெச்சுக்கிட்டு என் வாயப் பாத்துக்கிட்டு இருக்க? தின்னு. ஒடம்புல ஒரு பிடி சதை இல்ல. தலையில எண்ணெய் வெச்சு எத்தனை நாளாச்சு? இந்தக் காலத்துப் பிள்ளைக எல்லாம் இப்படித்தான் திரியிறீக. தப்பா எடுத்துக்காத, எம் மக மாதிரி நினைச்சுச் சொல்றேன்.

ஆறாம் மாசம் போன் பண்ணுனா. "அம்மா, பிரசவத்தை இங்கேயே வெச்சுக்கலாம்னு இருக்கேன்"னா. எனக்கு ஒண்ணும் வெளங்கல. திரும்பச் சொல்லுன்னேன். திரும்பவும் அதத்தான் சொன்னா. டாக்டர் இங்க நல்லாப் பாக்குறாங்க, மாப்பிள்ளைக்கு லீவு கெடைக்காது, அது இதுன்னு என்னத்தையோ அடுக்குனா. நான் போனை வெச்சுட்டு அப்படியே தரையில உக்காந்துட்டேன்.

ஒனக்குத் தெரியாது தாயி. எனக்கு அம்மா இல்ல. நான் பத்தாப்புப் படிக்கையிலயே போயிருச்சு. ஜோதி பொறக்கையில நான் மாமியா வீட்டுலதான் கெடந்தேன், பரமக்குடியில. வலியில கத்துறேன், "ஒலகத்துல இல்லாத பிள்ளையா பெக்கப் போற"ன்னு மாமியா சொல்லுது. பெத்து மூணா நாளு பழைய சோத்தத் தட்டுல போட்டு நகட்டி விட்டுச்சு. இடுப்பப் பிடிச்சுவிட ஒரு கையி இல்ல. அன்னைக்கு நெனச்சேன், எம் மக இப்படிக் கெடக்கக் கூடாது, அவ பக்கத்துல நான் இருப்பேன்னு. அதுக்காகவே இத்தன வருசம் காத்துக் கெடந்தேன்னு வெச்சுக்கயேன். மாடியில தனி ரூம்பு, வெள்ளையடிச்சு, வெஸ்டர்ன் கக்கூசு வெச்சு, ஜன்னலுக்கு வலை அடிச்சு, தொட்டிலுக்கு உத்தரத்துல கொக்கி மாட்டி வெச்சிருக்கேன். அவ வரமாட்டேங்கிறா. எப்படி இருக்கும் எனக்கு?

லீவாம், டாக்டராம். எனக்கா தெரியாது? அந்தம்மா ரொட்டியச் சுட்டுப் போட்டே பிள்ளைய மயக்கி வெச்சிருக்கு. வேற என்ன காரணம் இருக்க முடியும், நீயே சொல்லு. நான் என்ன கொறை வெச்சேன் அவளுக்கு? கறுப்பாப் பொறந்துட்டாளேன்னு நான் என்னைக்காச்சும் வெறுத்திருக்கேனா? அவ அப்பாவக் கொண்டு பொறந்துட்டா, அதுக்கு யாரு என்ன செய்ய முடியும்? தெனமும் கடலை மாவும் பாலாடையும் தேச்சுத்தான் குளிப்பாட்டுவேன். வெயில்ல வெளையாட விடமாட்டேன். மஞ்சக் கலரு, ரோஸ் கலரு எடுத்துக் குடுத்ததே இல்ல. பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுல டான்ஸ் ஆடணும்னு அழுதா. "மேடையில லைட்டுப் போட்டா ஒன் மூஞ்சி எடுபடாது தாயி"ன்னு பக்குவமா எடுத்துச் சொல்லி நிறுத்துனேன். நாலு பேரு முன்னால பிள்ளை அசிங்கப்படக் கூடாதுல்ல? ஒரு தாய் அதுக்கு மேல என்ன செய்வா? பெத்த மனம் பித்து, பிள்ள மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாக.

சரி, முள்ள முள்ளாலதான் எடுக்கணும்னு முடிவு பண்ணுனேன். நானும் பீட்சா சுடுறேன். அந்தம்மா சுடுறத விட நல்லாச் சுடுறேன். எம் மக எங்க வராம போறான்னு பாக்குறேன்.

வெக்கத்தை விட்டு சம்பந்திக்கே போன் பண்ணிப் பக்குவம் கேட்டேன். நல்லாத்தான் சொல்லிக் குடுத்துச்சு. ஆனா மாவு பெசைஞ்சு ரெண்டு மணி நேரந்தான் வெக்கணும்னு சொன்னதுல எனக்குச் சந்தேகம். ரெண்டு மணி நேரத்துல எந்த மாவு தாயி பொங்கும்? இட்லி மாவுக்கே ஒரு ராத்திரி வேணும். நமக்குச் சரியா வந்துரக் கூடாதுன்னு வேணும்னே கொறைச்சுச் சொல்லுதுன்னு நெனச்சேன். ராத்திரியே பெசைஞ்சு குண்டான்ல போட்டு மூடி வெச்சுட்டேன். நம்ம ஊரு வெக்கை ஒனக்குத் தெரியுமே. விடிஞ்சு பாத்தா மூடி ஒரு பக்கம் கெடக்கு, மாவு குண்டானை விட்டு எறங்கி மேடையெல்லாம் நடந்து போயிருக்கு. வீடு முழுக்கக் கள்ளு வாடை. எங்க வீட்டுக்காரரு பல்லு வெளக்கிட்டு வந்தவரு, "குடிச்சுட்டு எவன் வந்தான் வீட்டுக்கு?"ன்னு கேக்குறாரு.

அத வீணாக்க முடியுமா? தட்டிச் சுட்டேன். ஓவனுக்கு எங்க போறது, இட்லி அண்டாவுல மணலைக் கொட்டி, ஸ்டாண்டு போட்டு, மேல தட்டை வெச்சு மூடி வெச்சேன். அடி கரி, மேல பச்ச மாவு. அவுகளுக்குத்தான் போட்டேன். நூல் கடை வெச்சிருக்காக எங்க வீட்டுக்காரரு, அதிர்ந்து பேச மாட்டாக, போட்டதத் திம்பாக. ஒரு வாய் கடிச்சுட்டு, "வள்ளிமயிலு, இதுல எது காய், எது தட்டு?"ன்னாக. மிச்சத்தப் பக்கத்து வீட்டு மாட்டுக்கு வெச்சேன். அது மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிருச்சு.

விட்டேனா? ஒரு மாசம். சலிக்காமச் சுட்டேன். கையெல்லாம் சூடு. இங்க பாரு, இந்தத் தழும்பு அண்டா மூடி பட்டது. அப்புறம் ஒரு நாளு என்ன தோணுச்சோ, சரி, அந்தம்மா சொன்ன மாதிரித்தான் பாப்போமேன்னு ரெண்டு மணி நேரத்துலயே எடுத்துட்டேன். அடி ஆத்தே! பஞ்சு மாதிரி வந்துருச்சு. ஓரமெல்லாம் பொன்னு போல செவந்து, நடுவுல காயெல்லாம் வெந்து, பாக்கவே கண்ணு நெறைஞ்சு போச்சு. அவுக முழுசாத் தின்னுட்டு, "இன்னொண்ணு இருக்கா?"ன்னு கேட்டாக. அதப் போட்டோ பிடிச்சு மகளுக்கு அனுப்பி வெச்சேன்.

ஒடனே போன். "அம்மா! நீயா செஞ்சே?"

"பின்ன யாரு?"

"எனக்காகவா?"

"வேற யாருக்கு? எனக்கென்ன பீட்சா திங்கிற வயசா?"

அந்தப் பக்கம் மூக்க உறிஞ்சுறா. அழுகுறான்னு தெரியுது. கொஞ்ச நேரங்கழிச்சு, "அம்மா, நான் ஒங்கூடவே வந்துர்றேன். வளைகாப்பன்னைக்கே வந்துர்றேன். கட்டுச்சோத்தோட இதையும் எடுத்துட்டு வா. சோளம் மட்டும் நெறையப் போடு"ன்னா. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? தெருவுல போற வாரவுக எல்லாருக்கும் சொல்லணும் போல இருந்துச்சு. "இத மொதல்லயே சொல்லியிருந்தா இம்புட்டு மாவு வீணாப் போயிருக்காதுல்ல"ன்னு அவகிட்டச் சொன்னேன். அவகூட லேசாச் சிரிச்சா.

அதனால இன்னைக்குக் கட்டுச்சோறு எப்படின்னா, சக்கரைப் பொங்கல், புளியோதரை, எலுமிச்சை, தேங்கா, தக்காளி, தயிரு. ஆறாச்சா? ஏழாவது பீட்சா. எங்க நாத்தனா மூக்குல வெரலை வெச்சா. "கட்டுச்சோத்துல ரொட்டியா மதினி, எந்த ஊரு வழக்கம்?"னா. எம் மக கேட்டுருக்கா, நான் வெப்பேன், ஒன் சோலியப் பாருன்னுட்டேன்.

ஆனா பீட்சாவ அந்தம்மா செஞ்ச மாதிரி அப்படியேவா செய்வேன்? எனக்குப் பக்குவம் தெரியாதா? குடைமொளகா சூடு, அதத் தூக்கிட்டேன். காளான் என்னத்துலயோ மொளைக்கிறது, அது வேணாம். சோளம் வாய்வு, போடல. பதிலுக்கு முருங்கக்கீரை, ரத்தம் ஊறுறதுக்குப் பீட்ரூட்டு, சின்ன வெங்காயம், கேரட்டு, மேல கொஞ்சூண்டு சீஸு. மாவுக்குள்ளதான் பெரிய விசயம். குங்குமப்பூ. நாட்டு மருந்துக் கடையில சொல்லி வெச்சு வாங்குனேன், அசல் சரக்கு. வெதுவெதுப்பான பால்ல ஊறப் போட்டு, அந்தப் பால ஊத்தியே மாவப் பெசைஞ்சேன். எத்தன பேருக்கு இந்த யோசனை வரும் சொல்லு? பால்ல போட்டுக் குடுத்தா கொமட்டுதுன்னு குடிக்கமாட்டா. பீட்சாவுல போட்டா தெரியாம உள்ள போயிரும்ல?

திருச்சிக்குப் போயி எறங்குறோம். வாசக்கதவு ஓரமா பெட்டி நிக்குது. நீலப் பெட்டி, கல்யாணத்துக்கு நான் எடுத்துக் குடுத்தது. பூட்டி, மேல அவ படுத்துக்கிற நீளத் தலகாணியக் கயிறு போட்டுக் கட்டி வெச்சிருக்கா. அதப் பாத்ததும் எனக்கு உசுரு வந்துச்சு. சம்பந்தியம்மாவே வந்து, "ரெண்டு நாளா எடுத்து வெச்சுக்கிட்டு இருந்தா மதினி, உங்க பேச்சுதான்"னு சொல்லுச்சு. ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன்.

மொதல்ல வேப்பங்காப்பு, அப்புறம் கண்ணாடி வளையல். எல்லாரும் சந்தனம் பூசுனாக. ஏழு பாத்திரத்தையும் வரிசையாத் தெறந்து வெச்சேன். பீட்சா இருந்த டப்பாவத் தெறந்ததும் "அம்மா!"ன்னு கத்திட்டா. ஊட்டிவிடப் போறேன், அதுக்குள்ள அவளே ஒரு துண்டை எடுத்துக் கடிச்சுட்டா. கண்ண மூடிக்கிட்டு மெல்லுறா. "ரொம்ப நல்லாருக்கும்மா. அத்தை, நீங்களும் எடுத்துக்குங்க"ங்கிறா. அந்தம்மாவும் தின்னு பாத்துட்டு, "என்னோடத விட நல்லா வந்திருக்கு மதினி"ன்னு சொல்லுச்சு. எம் மக என் தோள்ல சாஞ்சுக்கிட்டா தாயி. கல்யாணத்தன்னைக்குக் கூட அவ என் தோள்ல சாயல.

"சோளம் போடலையாம்மா?"ன்னு கேட்டா. "வாய்வுடி"ன்னேன். "சரி விடு"ன்னு சிரிச்சா.

அப்ப சம்பந்தியோட தங்கச்சி ஒண்ணு, எதுக்கால உக்காந்திருந்தது, கேக்குது. "மாவு என்னங்க இப்படி மஞ்சளா, தங்கம் மாதிரி இருக்கு?"

சபையில கேக்குறாக. சொல்லணுமா வேணாமா? நான் பெருமையாத்தான் சொன்னேன். "குங்குமப்பூ போட்டுப் பெசைஞ்சிருக்கேன். இவ என் வயித்துல இருக்கையில எனக்கு வாங்கிக் குடுக்க ஒரு நாதி இல்ல, அதான் இவ இப்படிப் பொறந்துட்டா. பேரப்பிள்ளையாச்சும் நல்ல நெறமாப் பொறக்கட்டுமே"ன்னேன்.

இதுதான் தாயி நான் சொன்னது. இதுல ஒரு எழுத்துக் கூடவும் இல்ல, கொறைவும் இல்ல.

அவ தோள்லருந்து எந்திரிச்சு நிமிந்து உக்காந்தா. கையில இருந்த துண்டைத் தட்டுல வெச்சா. வாயில இருந்ததையும் முழுங்கல, துப்பித் தட்டு ஓரத்துல வெச்சா.

"எனக்காகச் செஞ்சேன்னு சொன்னியேம்மா"ங்கிறா.

"ஒனக்குத்தான்டி. ஒனக்குப் பொறக்கப் போறதுக்குத்தானே?"

"பொறக்குறது என்னைய மாதிரியே பொறந்தா என்னம்மா செய்வே?"

நல்ல நாளும் அதுவுமா நெறமாசக்காரி வாயில வர்ற பேச்சா அது? "வாயக் கழுவுடி! அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாது"ன்னு அதட்டுனேன். பிள்ளை பயந்துரக் கூடாதேன்னு தலையத் தடவித்தான் சொன்னேன், "நீ ஒண்ணும் கவலப்படாத, அந்த மாதிரிப் பொறக்காது"ன்னு.

அம்புட்டுதான். அவ அழுகல, கத்தல. மாப்பிள்ளையக் கூப்பிட்டா. "பெட்டிய உள்ள எடுத்து வைங்க"ன்னா.

எனக்கு மொதல்ல புரியல. வேனுக்குள்ள வெக்கச் சொல்றான்னு நெனச்சேன். மாப்பிள்ளை பெட்டியத் தூக்கிக்கிட்டு அவுக ரூம்புக்குள்ள போனாக.

அந்தம்மா எந்திரிச்சு வந்து, "ஜோதி, அம்மா ஏதோ ஆசையில சொன்னாங்க, மனசுல வெச்சுக்காத, போயிட்டு வாம்மா, அவங்க ஒரு மாசமா ஒனக்காகக் கையைச் சுட்டுக்கிட்டிருக்காங்க"ன்னு கையப் பிடிச்சுக் கெஞ்சுது. என்ன நடிப்பு! என் மகள எனக்கு விட்டுக் குடுக்கச் சொல்லி அது சிபாரிசு பண்ணுது, அந்த நெலைமைக்கு நான் வந்துட்டேன். கண்ணாலயே ஏதோ சாடை காட்டியிருக்கும். இல்லாட்டி ஒரு நிமிசம் முன்னால தோள்ல சாஞ்சிருந்தவ எப்படித் தாயி மாறுவா?

"ஏன்டி, நான் என்ன கொலையா பண்ணிட்டேன்? எந்திரிச்சு வா, ஒனக்காக ரூம்பு கட்டி வெச்சிருக்கேன்டி"ன்னு நான் அழுதேன். சபைன்னுகூடப் பாக்காம அழுதேன். "அந்த ரூம்புல என் பிள்ளைய வெச்சுக்கிட்டு நீ என்னென்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியும்மா"ன்னா. மெதுவாத்தான் சொன்னா. அதுக்கு என்ன அர்த்தம்? நான் என்ன சொல்லப் போறேன்? கடலை மாவு தேச்சுக் குளிப்பாட்டப் போறேன், வேற என்ன செஞ்சிரப் போறேன்?

எங்க வீட்டுக்காரராச்சும் நாலு வார்த்தை கேப்பாகன்னு பாத்தேன். அந்த மனுசன் அவகிட்டப் போயி, தலையில கைய வெச்சு, "நீ இங்கயே இரு தாயி. இங்கதான் ஒனக்கு நல்லது"ன்னாக. எங்கிட்டத் திரும்பி, "எந்திரி"ன்னாக. முப்பது வருசக் குடித்தனத்துல என்னைய அப்படி ஒத்த வார்த்தையில பேசுனதில்ல. ரெண்டு கறுப்பும் ஒண்ணாச் சேந்துக்கிருச்சு, வேற என்ன? அதான் அந்த வேன்ல நான் ஏறல. நீங்க போங்க, எனக்கு பஸ்ஸு இருக்குன்னுட்டேன். நான் வருவேன்னு ஒரு அஞ்சு நிமிசமாச்சும் நிக்கிறாகளா? போயிட்டாக.

இப்ப வீட்டுக்குப் போனா அந்த மாடி ரூம்புக் கதவத் தெறந்து பாக்குறதுக்கே எனக்குத் தைரியம் இல்ல தாயி. யாருக்கு வெள்ளையடிச்சேன், யாருக்குக் கொக்கி மாட்டுனேன்? வலி வந்தா அவ யாரக் கூப்பிடுவா? அம்மான்னுதானே கத்துவா? கத்துறப்ப அந்தம்மா போயி நிக்கும். நான் அருப்புக்கோட்டையில மாவு பெசைஞ்சுக்கிட்டு இருப்பேன். பிள்ளை பொறந்த சேதி போன்ல வரும்.

நீயே சொல்லு. வெளியாளு, ஒனக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? ஒரு தாய் சொல்லக் கூடாததா சொல்லிட்டேன்?

என்ன? என்ன கேக்குற? அவ அம்புட்டுக் கறுப்பான்னா? சேச்சே, ரொம்பவெல்லாம் இல்ல தாயி. ஒன் நெறந்தான் இருப்பா. ஒன்னைய விட ஒரு பொட்டு கூடன்னு வேணா வெச்சுக்க. மூக்கு முழியெல்லாம் லச்சணம், ஒன்னைய மாதிரியேதான், அதுல ஒரு கொறை சொல்ல முடியாது. நெறம் ஒண்ணு மட்டும் இருந்திருந்தா எங்கயோ போயிருப்பா. ஒங்கம்மாவும் ஒன்னைய வெச்சுக்கிட்டு இந்தக் கவலையெல்லாம் பட்டிருப்பாகல்ல?

என்ன தாயி, எந்திரிச்சுட்ட? மேலூர் எங்க வந்துச்சு, இப்பத்தான் கொட்டாம்பட்டியே தாண்டுது. முன்னாலயா போற? டிரைவர் பக்கத்துலயா? இங்கேயே காத்து நல்லாத்தானே வருது? அட, நான் ஒண்ணும் சொல்லலையே.

சரி, போ. பாத்துப் பிடிச்சுக்கிட்டு நட. அந்தப் பக்கம் வெயிலு நேரா மூஞ்சியில அடிக்கும், ஷால இழுத்துப் போட்டுக்க தாயி. இருக்குற நெறமும் போயிரும்.